எம்1911 கைத்துப்பாக்கி: நம்பகத்தன்மையும் துல்லியமும்

எம்1911 என்பது 1911 முதல் 1985 வரை அமெரிக்கப் படைகளின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்த அரைத் தானியங்கி ஆயுதம் ஆகும். ஜான் மோசஸ் பிரௌனிங் இதை வடிவமைத்தார். கோல்ட் நிறுவனம் தயாரித்தது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும். வெற்று உறையை வெளியே எறிவதையும் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதையும் பின்னுதைப்பே செய்துவிடுவதால் இவ்வகைக்கு அரைத் தானியங்கி என்று பெயர்.

இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்கள் ஒரு நூற்றாண்டாக ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு செய்திகளைச் சொல்லி வந்துள்ளனர். சேற்றில் விழுந்தாலும் எடுத்துச் சுடலாம் என்பது ஒன்று. ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும், குறிவைத்த இடத்தில் படாது என்பது மற்றொன்று. இரண்டும் பெருமளவு உண்மை. இரண்டுக்கும் காரணமும் ஒன்றே.

பிலிப்பைன்ஸில் தொடங்கிய சிக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அமெரிக்கப் படையினர் 38 காலிபர் ரிவால்வரை வைத்திருந்தனர். பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில் மோரோ வீரர்களுடன் நடந்த சண்டைகளில், பல குண்டுகள் பட்ட பின்னும் எதிரி வாளுடன் பாய்ந்து வந்ததாக முறையீடுகள் எழுந்தன. கிடங்கில் கிடந்த பழைய 45 காலிபர் ரிவால்வர்கள் மீண்டும் அங்கே அனுப்பப்பட்டன.

1904இல் படைக்கலத் துறையைச் சேர்ந்த ஜான் தாம்சனும் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த லூயி லகார்டும் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் மாடுகள்மீதும், வேறு இடத்தில் மனிதச் சடலங்கள்மீதும் பல அளவுக் குண்டுகளைச் சுட்டுச் சோதித்தனர். 45க்குக் குறைந்த காலிபர் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. அந்தச் சோதனைகளின் முறை இன்றைய அளவுகோலில் மிகத் தளர்வானது. சுடப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை குறைவு, முடிவுகளும் ஒரே சீராக இல்லை. ஆனாலும் படை அந்தப் பரிந்துரையை ஏற்றது. அடுத்து வந்த எல்லாப் போட்டிகளும் 45 காலிபரில்தான் நடந்தன.

ஆறாயிரம் தோட்டாக்கள்

1907இல் தொடங்கிய சோதனைகளில் ஜெர்மனியின் லூகர் உட்படப் பல துப்பாக்கிகள் கலந்துகொண்டன. இறுதியில் மிஞ்சியவை கோல்ட், சாவேஜ் ஆகிய இரண்டு மட்டுமே. இரண்டுமே தொடக்கத்தில் அடிக்கடி சிக்கின. குதிரைப்படையினரின் கைகளுக்குச் சென்று குறைகளுடன் திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் பிரௌனிங் வடிவமைப்பைத் திருத்தினார். முந்தைய மாதிரியில் குழலின் முன்னும் பின்னும் ஒவ்வோர் இணைப்பு இருந்தது. 1910 மாதிரியில் முன்னிணைப்பு நீக்கப்பட்டு, குழலின் பின்பகுதியில் ஒரே ஓர் இணைப்பு மட்டும் வைக்கப்பட்டது.

முடிவைத் தீர்மானித்த சோதனை 1911 மார்ச்சில் நடந்தது. ஒவ்வொரு துப்பாக்கியிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட வேண்டும். நூறு தோட்டாவுக்கு ஒருமுறை ஆறவிடுவார்கள், ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிடுவார்கள். சாவேஜ் 37 முறை சிக்கியது அல்லது பழுதானது. கோல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதன்பின் நசுங்கிய தோட்டாக்களையும், மணல், சேறு, துரு ஆகியவற்றையும் கொண்டு சோதித்தபோதும் கோல்ட் தாக்குப்பிடித்தது. 1911 மார்ச் 29 அன்று அது ஏற்கப்பட்டது.

'நம்பகமான துப்பாக்கி' என்ற புகழ் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அச்சோதனையில் சுடப்பட்டது ஒரே வகைத் தோட்டா. உருண்டை முனையும் முழு உலோக உறையும் கொண்ட, சுமார் 15 கிராம் எடையுள்ள குண்டு அது. பின்னாளில் உரிமையாளர்கள் அடைந்த ஏமாற்றங்களில் பாதி, இந்தச் சிறு விவரம் மறக்கப்பட்டதால் விளைந்தவை.

தளர்வு ஏன்?

எம்1911இன் மேற்பகுதியில் ஸ்லைடு என்னும் கனத்த இரும்புக் கூடு உள்ளது. குழல் அதனுள் தனியாக நிற்கிறது. சுடும்போது ஸ்லைடும் குழலும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் ஒன்றாகப் பின்னே நகரும். பிறகு குழலின் அடியிலுள்ள இணைப்பு அதன் பின்முனையைக் கீழே இழுக்கும். பூட்டு விடுபட, ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே சென்று வெற்று உறையை எறிந்துவிட்டு, சுருள்வில்லின் வேகத்தில் முன்னே வந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி ஏற்றும்.

ஆக, ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் தன் இடத்தைவிட்டு விலகித் திரும்புகிறது. குறிபார்க்கும் முள் இருப்பதோ ஸ்லைடின்மீது. திரும்பி வரும் குழல், முந்தைய முறை நின்ற அதே இடத்தில் நின்றால்தான் அடுத்த குண்டும் அதே இடத்தில் படும். குழல் முனையைப் பிடித்திருக்கும் வளையம் சற்றே அகலமாக இருந்தால்கூடக் குண்டுகள் சிதறும்.

படைக்கு வேண்டிய துப்பாக்கியில் இந்த வளையம் இறுக்கமாக இருக்க முடியாது. மணலும் புகைக்கரியும் புகுந்தால் இறுக்கமான பாகங்கள் நின்றுவிடும். மேலும், எந்தத் தொழிற்சாலையின் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பது படையின் கட்டளை. இரண்டாம் உலகப் போரில் இத்துப்பாக்கியைச் செய்தவர்களில் தட்டச்சு இயந்திரம் தொடர்பான ரெமிங்டன் ராண்ட், ரயில் சமிக்ஞைக் கருவிகள் செய்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல், தையல் இயந்திரத்துக்குப் பெயர்போன சிங்கர் ஆகியவையும் அடங்கும். இவர்கள் செய்த பாகங்கள் அரம் தொடாமல் ஒன்றோடொன்று சேர வேண்டுமானால் இடைவெளி விட்டே ஆக வேண்டும். கடகடச் சத்தம் அந்த இடைவெளியின் சத்தம்தான். (சிங்கர் செய்தவை 500 மட்டுமே, இன்று சேகரிப்பாளர்கள் மிக அதிக விலை கொடுத்து வாங்குவது அவற்றைத்தான்.)

படையினரின் அனுபவம்

முதல் உலகப் போரில் எம்1911இன் பெயரை நிலைநாட்டிய நிகழ்வு 1918 அக்டோபர் 8 அன்று பிரான்சின் ஆர்கோன் காட்டுப் பகுதியில் நடந்தது. ஓர் அதிகாரியும் ஐந்து வீரர்களும் துப்பாக்கி முனைக் கத்திகளுடன் தன்னை நோக்கி ஓடிவந்ததாகவும், கைத்துப்பாக்கியால் கடைசியில் வந்தவனிலிருந்து ஒவ்வொருவராகச் சுட்டதாகவும் ஆல்வின் யார்க் பின்னர் கூறினார். டென்னசி மலைநாட்டில் காட்டு வான்கோழி வேட்டையாடும் முறை அது. பின்னால் உள்ளவை விழுவதை முன்னால் உள்ளவை அறியா. யார்க் சிறுவயது முதலே தேர்ந்த குறிகாரர். அவருடைய சாதனையைத் துப்பாக்கியின் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுவது சரியாகாது. ஆறு பேர் ஓடிவரும் நேரத்தில் அது சிக்காமல் சுட்டது என்பதே இதில் துப்பாக்கியின் பங்கு.

சாதாரண வீரர்களுக்கு அனுபவம் வேறு. குறிமுள் மிகச் சிறியது, மங்கிய ஒளியில் தெரியாது. விசை சிறிய கைகளுக்கு எட்டவில்லை. பின்னால் வரும் சுத்தி பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதையைக் கடித்தது. போருக்குப்பின் இம்முறையீடுகள் கேட்கப்பட்டன. 1920களில் வந்த எம்1911ஏ1 மாதிரியில் விசை குட்டையாயிற்று, சதையைக் காக்கும் பின்வால் நீண்டது, முன்முள் அகலமாயிற்று, கைப்பிடியின் பின்புறம் வளைவாயிற்று. உள்ளிருந்த இயக்கத்தில் யாரும் கைவைக்கவில்லை.

அமெரிக்கப் படை இத்துப்பாக்கியைக் கடைசியாகப் புதிதாக வாங்கியது 1945இல். அதாவது வியட்நாமில் ஓர் இளம் அதிகாரிக்குக் கிடைத்தது அவர் வயதை ஒத்த, பல கைகள் மாறி, பலமுறை பிரித்துச் சேர்க்கப்பட்ட ஆயுதம். 'எம்1911 குறி தவறும்' என்ற பேச்சு அந்தத் தலைமுறையில் வலுப்பெற்றதில் வியப்பில்லை. அவர்கள் கண்டது வடிவமைப்பின் குறையைவிடத் தேய்மானத்தின் குறையே.

போட்டிக் களம்

அதே துப்பாக்கி ஓஹியோவின் கேம்ப் பெர்ரியில் நடந்த தேசியப் போட்டிகளில் 50 கஜ தூரத்தில் நெருக்கமாகக் குண்டுகளைச் சேர்த்தது. படைக்கலக் கொல்லர்கள் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, குழல்முனை வளையத்தைப் புதிதாகக் கடைந்து, பூட்டும் பற்களை அராவிப் பொருத்தி, ஸ்லைடு ஓடும் தடங்களைத் தட்டி நெருக்கினர். கோல்ட் நிறுவனமும் 1933இல் 'நேஷனல் மேட்ச்', 1957இல் 'கோல்ட் கப்' என்று போட்டிக்கான மாதிரிகளை விற்றது.

இதற்கு ஒரு விலை இருந்தது. போட்டித் துப்பாக்கி மென்மையான போட்டித் தோட்டாவுக்கேற்ற இலகுவான சுருள்வில்லுடன் இசைவிக்கப்பட்டிருக்கும். அழுக்கு சேர்ந்தால் அது முதலில் நிற்கும். போட்டியில் ஒரு சிக்கல் சில புள்ளிகளைப் பறிக்கும். களத்தில் அது உயிரைப் பறிக்கும்.

தனியார் உரிமையாளர்கள்

அமெரிக்காவில் தனிநபர்கள் தற்காப்புக்காக இத்துப்பாக்கியைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியபோது இரண்டையும் ஒன்றாகக் கேட்டனர். 1970இல் கோல்ட் தன் புதிய வரிசையில் குழல்முனை வளையத்தை விரல்கள் போன்ற நெகிழும் கிளைகளாகப் பிளந்தது. அவை குழலை நாற்புறமும் கவ்விப்பிடிக்கும். கொல்லரின் கைவேலை இல்லாமலே துல்லியம் கிடைக்கும். துல்லியம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த விரல்களில் சில முறிந்து துப்பாக்கியை நிறுத்தின. பலர் அதைக் கழற்றி வீசிவிட்டுப் பழைய முழுவளையத்தைப் போட்டுக்கொண்டனர். நிறுவனமும் பின்னாளில் அந்த முறையைக் கைவிட்டது.

1983இல் வந்த 'சீரிஸ் 80' வேறொரு சர்ச்சையைக் கிளப்பியது. கீழே விழுந்தால் தானாக வெடிக்காதிருக்க ஊசியைத் தடுக்கும் சிறு நெம்புகோல்கள் சேர்க்கப்பட்டன. விசை கரகரப்பாகிவிட்டது என்று துல்லியம் விரும்பியோர் முறையிட்டனர். பாதுகாப்பு ஏற்பாட்டின் தேவையை யாரும் மறுக்க முடியாது. எம்1911இன் புகழில் பெரும்பங்கு அதன் நேரான, மென்மையான விசைக்கு உரியது என்பதால்தான் அந்தச் சிறு மாற்றமும் இத்தனை பேசப்பட்டது.

மிகப் பரவலான குறை தோட்டா ஏறாமல் நிற்பது. விரியும் முனையுள்ள, உள்ளே குழிந்த குண்டுகளைத் தற்காப்புக்கு விரும்பினர். பிரௌனிங்கின் வடிவமைப்போ உருண்டை முனைக்கானது. குழிந்த முனை ஏறும் சரிவில் இடித்து நின்றது. மலிவான மேகசின்களின் வளைந்த உதடுகளும், உறையைப் பிடித்திழுக்கும் கொக்கி தன் வளைவை இழந்துவிடுவதும் மற்ற இரு காரணங்கள். கொக்கி தனி வில்லின்றித் தானே வில்லாக வேலை செய்வதால் அதை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். நல்ல மேகசினும் சரியான தோட்டாவும் இருந்தால் பெரும்பாலான தொல்லைகள் தீரும் என்பதை அனுபவமுள்ளோர் விரைவில் கற்றுக்கொண்டனர். புதியவர்களோ துப்பாக்கியைக் குறைகூறினர்.

1985க்குப் பிறகு

1985இல் இத்தாலிய பெரெட்டாவின் 9 மில்லிமீட்டர் எம்9 இதன் இடத்தைப் பிடித்தது. மேகசினில் ஏழுக்குப் பதில் பதினைந்து தோட்டாக்கள். சில ஆண்டுகளுக்குள் எம்9இன் ஸ்லைடு உடைந்து கடற்படையினர் சிலர் காயமுற்றனர். ஈராக்கில் அதன் மேகசின்களில் மணல் ஒட்டிக்கொண்டு தோட்டா ஏறாமல் நின்றது. பழைய துப்பாக்கியைப் பற்றிய ஏக்கம் இதனால் பெருகியது. கடற்படைக் காலாட்படையின் சிறப்புப் பிரிவினர் கிடங்குகளிலிருந்த பழைய எம்1911 சட்டங்களைத் தேர்ந்தெடுத்து, குவான்டிகோவில் கையால் மறுசீரமைத்துப் பயன்படுத்தினர். 2012இல் கோல்ட் நிறுவனத்திடமிருந்தே எம்45ஏ1 என்ற புதிய வடிவத்தை வாங்கினர்.

கிடங்குகளில் மிஞ்சிய பழைய துப்பாக்கிகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்கும் திட்டம் 2018இல் தொடங்கியது. நிலையைப் பொறுத்து அவை மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டன. வாங்கியவர்களில் பலருக்குக் கிடைத்தது கலப்பு ஆயுதம்: சட்டம் ஒரு தொழிற்சாலையுடையது, ஸ்லைடு இன்னொன்றுடையது, குழல் மூன்றாவதொன்றுடையது. சேகரிப்பாளர்களுக்கு அது குறை. படைக்கலத் துறை அன்று கேட்டதோ இப்படிக் கலந்தாலும் சுடும் துப்பாக்கியைத்தான்.