டீசல் சரக்கு வண்டியில் இன்ஜின் சூடேறல்

தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற நாட்டுப்படகுக் கரைகளில் மீனும் ஐஸும் சுமக்கும் சிறு டீசல் வண்டிகளை அடிக்கடி முடக்கும் கோளாறு. இவ்வகை வண்டிகளில் பெயர்பெற்றது 2005-இல் வந்த டாடா ஏஸ், மக்கள் வழக்கில் ‘குட்டி யானை’. அதன் முதல் வடிவத்தில் இருந்தது தண்ணீரால் குளிரும் 702 சி.சி. இரட்டை சிலிண்டர் இன்ஜின்.

எப்போது சூடாகிறது என்பதே முதல் கேள்வி. நிற்கும்போது வெப்பமானி முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பார்க்க வேண்டும். பாரத்தோடு ஓடும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம். உப்புக்காற்று அதன் தகடுகளை அரிக்கும். கூலண்டுக்குப் பதில் உவர்நீர் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து இறுகும். மிச்சம் பிடித்த காசு இப்படித்தான் மெக்கானிக்கிடம் போகிறது. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. கசிவே தெரியாமல் கூலண்ட் குறைந்து, ரேடியேட்டரில் குமிழி வந்து, ஆயில் பால்காப்பி நிறமானால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்; அதற்குமேல் ஓட்டினால் ஹெட்டே வளையும்.

சூட்டோடு மூடியைத் திறக்கக் கூடாது: அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காதிருந்த நீர் பீறிடும். முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. தண்ணீர் அறவே வற்றினால் அது இறங்கியும் காட்டும்.