ஐந்து டாலருக்குப் போன குவில்ட்

குவில்ட் கண்காட்சிகளைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தவன், ஹாரியட் பவர்ஸிடமே நின்றுவிட்டேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1886-இல் ஏதென்ஸ் ஊர்ப் பருத்திக் கண்காட்சியில் (கிரீஸ் இல்லீங்க, இது ஜார்ஜியா ஏதென்ஸ்) தன் ஒட்டுத்துணிப் போர்வையை வைத்தார். 11 கட்டங்களில், ஆதாம் ஏவாளில் தொடங்கி, பைபிள் கதைகள். ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டும் தரவில்லை.

சில வருஷத்தில் பணக்கஷ்டம். இவராகவே 10 டாலர் கேட்க, கிடைத்தது 5. கொடுத்தபோது கட்டம் கட்டமாகக் கதையைச் சொல்ல, ஸ்மித் எழுதி வைத்துக்கொண்டார். இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் குவில்ட்டைப் புரிந்துகொள்ள நமக்கு உதவுவது அந்தக் குறிப்புதான்.

விற்ற பிறகும் பவர்ஸ் பல தடவை ஸ்மித்திடம் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாராம்.