மங்கள்யான் விட்டுச் சென்ற சிக்னல்

மங்கள்யான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று, வெறும் 450 கோடி ரூபாய் செலவு. இன்னொன்று, முதல் முயற்சியிலேயே வெற்றி. 2013 நவம்பர் 5-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய அந்த விண்கலம், 2014 செப்டம்பர் 24-ம் தேதி செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதில் ஐந்து ஆய்வுக் கருவிகள் இருந்தன. ஆனால் அந்த ஐந்திலும் சேராத ஒன்று, செவ்வாயை விட்டுவிட்டு சூரியனைப் பற்றிப் பாடம் சொன்னது. அதுதான் பூமியோடு பேசுவதற்காக வைத்திருந்த ரேடியோ சிக்னல்!

கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விண்கலம் எங்கே போகிறது, என்ன வேகத்தில் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல்லாவரம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயிலின் ஹாரனை பம்மல்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். ரயில் நெருங்கி வரும்போது சத்தம் கூர்மையாக இருக்கும். கடந்து போனதும் சட்டென்று தடித்துவிடும். ஹாரன் மாறவில்லை, ரயிலின் வேகம்தான் அலையை நெருக்கியும் நீட்டியும் விடுகிறது. 1842-ல் இதை விளக்கிய ஆஸ்திரிய நாட்டு கிறிஸ்டியன் டாப்ளரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

ரேடியோ அலைக்கும் இதே கதைதான். பூமியிலிருந்து ஒரு துல்லியமான அதிர்வெண்ணில் அலையை அனுப்புவார்கள். விண்கலம் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் வேகம் தெரியும். இந்த வேலைக்காகவே பெங்களூருக்கு அருகில் பியாலாலு என்ற ஊரில் 32 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனாவை இஸ்ரோ அமைத்தது. சந்திரயான்-1 காலத்தில் வந்த ஆண்டெனா அது.

2015 ஜூனில் ஒரு சிக்கல் வந்தது. பூமி ஒரு பக்கம், செவ்வாய் மறுபக்கம், நடுவில் சூரியன். சுமார் 38 கோடி கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க சிக்னலுக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் சூரியனை உரசிக்கொண்டு வரவேண்டும். சூரியனைச் சுற்றியுள்ள கரோனா என்ற மின்னேற்றம் பெற்ற வாயு, சிக்னலைக் கலைத்து அதிர்வெண்ணை நடுங்க வைத்துவிடும். விண்கலத்தை இயக்குபவர்களுக்கு இது தலைவலி. இரண்டு வாரம் போல தொடர்பே இல்லாமல் காத்திருந்தார்கள்.

ஆனால் அந்த நடுக்கம் வெறும் இரைச்சலா? இல்லை. கரோனா எப்படிக் கொந்தளிக்கிறது என்ற தகவல் அந்த நடுக்கத்துக்குள்தான் இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு வெளியே இருக்கும் கரோனாவோ 10 லட்சம் டிகிரிக்கும் மேல். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போக சூடு கூடுவது போன்ற விசித்திரம் இது. 2015-ல் அந்த இடத்துக்கு எந்த விண்கலமும் போனதில்லை. மங்கள்யானின் சிக்னல் மட்டும் அதன் வழியாக வந்துகொண்டிருந்தது.

2015 மே, ஜூன் மாதங்களில் பதிவான சிக்னல்களை இந்திய விஞ்ஞானிகள் அலசினார்கள். சூரியனின் ஆரத்தைப் போல 4 முதல் 20 மடங்கு தொலைவு வரையிலான பகுதியை ஆராய்ந்ததில், சுமார் 10 மடங்குத் தொலைவுக்கு உள்ளே கொந்தளிப்பு ஒரு மாதிரியும், வெளியே வேறு மாதிரியும் இருப்பது தெரிந்தது. சூரியக் காற்று வேகம் பிடிக்கும் இடம் அந்த உள்பகுதி. ஆய்வுக் கட்டுரை வெளியானது 2022-ல், அதாவது சிக்னல் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து!

ஏழு ஆண்டுகள் அந்தப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது நடந்தது. வைக்காமல் விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பயனியர் 10, 11 விண்கலங்களின் கதையைப் பார்த்தால் புரியும். 1972, 1973-ல் கிளம்பிய அவை, கணக்குப்படி போகவேண்டிய இடத்தைவிடச் சற்றுப் பின்தங்கின. டாப்ளர் பதிவுகளில் தெரிந்த இந்த விஷயம் 1998-ல் கட்டுரையாக வந்ததும், ஈர்ப்பு விசை பற்றிய நம் விதியே தப்போ என்றுகூட சிலர் கேட்டார்கள்.

விடை பழைய பதிவுகளில் இருந்தது. ஆனால் அவை எங்கே? ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஒரு படிக்கட்டுக்கு அடியில், அட்டைப் பெட்டிகளில், பழைய காந்த டேப்புகளாகக் கிடந்தன. கலத்துக்குள் இருந்த வெப்பநிலை, மின்சக்தி விவரங்களை, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு பொறியாளர் அக்கறையோடு காப்பாற்றி வைத்திருந்தார். ஸ்லாவா துரிஷேவும் விக்டர் டோத்தும் மற்றவர்களும் அவற்றைப் புதிய கணினிகளுக்கு மாற்றினார்கள். பிளானட்டரி சொசைட்டி உறுப்பினர்களின் நன்கொடையும் இதற்கு உதவியது. 2012-ல் விடை வந்தது. கலத்தின் வெப்பம் எல்லாப் பக்கமும் சமமாக வெளியேறவில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் அதிகமாகப் போன வெப்பம், கலத்தைச் சூரியன் பக்கம் மெல்லத் தள்ளியது. அவ்வளவுதான்! அந்த டேப்புகள் குப்பைக்குப் போயிருந்தால், ஈர்ப்பு விதி மீதான சந்தேகம் தீர வழியே இருந்திருக்காது.

ஆறு மாதத்துக்குத் திட்டமிட்ட மங்கள்யான், செவ்வாயை ஏழரை ஆண்டுகள் சுற்றியது. 2022 ஏப்ரலில் அதனுடனான தொடர்பு அறுந்தது. இனி மீட்க முடியாது என்று அக்டோபரில் இஸ்ரோ அறிவித்தது. சூரியனைப் பற்றி அதன் சிக்னல் சொன்ன சேதி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். கலம் இனி ஒரு வார்த்தையும் பேசாது. ஆனால் அது பேசியதெல்லாம் பதிவாகி இருக்கிறது. 2015-ல் யாரும் கேட்காத ஒரு கேள்வியோடு நாளை ஒரு மாணவர் வரலாம். அப்போது பதில் சொல்ல அந்தப் பதிவுகள் இருக்கவேண்டும்.