கண்டி நாட்டு வெடியுப்பு

ஹேவாஹெட்ட என்னும் ஊர்ப்பெயரின் முற்பகுதி போர்வீரனைக் குறிக்கும் சிங்களச் சொல்லாகும். அறுபது வீரர் இங்கே குடியிருந்தமையால் இப்பெயர் வந்ததென ஊரார் உரைப்பர். அவ்வுரையின் பொருத்தம் எவ்வாறாயினும் ஆகுக. 1664ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் இரண்டாம் இராசசிங்கன் சென்று தங்கிய ஹங்குராங்கெத்தை இவ்வூருக்கு அணித்தே உள்ளது. படை இருந்த நாட்டில் துப்பாக்கியும் இருந்தது. துப்பாக்கிக்கு மருந்து வேண்டும். துறைமுகங்களெல்லாம் அந்நியர் கைப்பட்டிருக்க, 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர்க்கு உரியதாகிவிட, மலைநாட்டார் அம்மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை எங்ஙனம் பெற்றனர்?

மலைக்குகைகளிலிருந்து பெற்றனர் என்பதே விடை. மகாவலிக்கு அப்பால், தும்பறைப் பகுதியில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் குகையொன்று இதற்குப் பேர்பெற்றது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராயிருந்த ஜோன் டேவி என்பார் அதனை ஆராய்ந்து, 1821இல் வெளியிட்ட தமது நூலில் விரித்தெழுதினார். பொற்றாசியம் என்னும் உலோகத்தை 1807இல் முதன்முதல் பிரித்தெடுத்த ஹம்பிரி டேவியின் இளவல் இவர். தமையனாரின் ஆய்வுகூடத்திற் பயின்ற கண்கள் குகையிற் கண்டவற்றை வீணே கடந்து செல்லவில்லை.

தொழில்முறை இதுவாகும். சிறு கோடரிகளாற் பாறையின் மேற்பரப்பைக் கொத்தியெடுத்துப் பொடியாக்குவர். பொடியோடு சம அளவு விறகுச்சாம்பலைக் கலந்து, பாயாலமைந்த வடிகட்டியில் இட்டு, குளிர்ந்த நீர் ஊற்றுவர். வடிந்த நீரை மட்கலங்களிற் காய்ச்சிச் சுண்டவைத்து ஆறவிடுவர். ஆறிய கலத்தில் வெண்ணிற ஊசிகளாக வெடியுப்புப் பளிங்குகள் விளையும்.

இதில் என்னை வியப்பிலாழ்த்துவது சாம்பலே. வௌவால் எச்சம் முதலியவற்றை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றுவதால் நைத்திரேற்று உண்டாகிறது. சுண்ணாம்புள்ள இடத்தில் அது பெரும்பாலும் கல்சியம் நைத்திரேற்றாகவே இருக்கும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் இயல்பினது; மருந்துக்கு உதவாது. சாம்பலிலுள்ள பொற்றாசியம் காபனேற்று அதனோடு சேருங்கால், கல்சியம் காபனேற்று வெண்படிவாக அடியில் தங்க, பொற்றாசியம் நைத்திரேற்று கரைசலில் எஞ்சும். நூறு கிராம் கொதிநீரில் இவ்வுப்பு ஏறத்தாழ 246 கிராம் கரையும்; 20 பாகை செல்சியசில் 32 கிராமே கரையும். கறியுப்போ கொதிநீரில் 39, 20 பாகையில் 36. ஆகவே கரைசல் ஆறும்போது வெடியுப்புப் பிரிய, கறியுப்புப் பெரும்பாலும் நீரிலேயே நின்றுவிடும். சமன்பாடு எழுதத் தெரியாத குடியானவர் இதனைக் கையாற் செய்து காட்டினர்.

இன்று ஆய்வுகூடங்களில் நாக நைத்திரேற்றையும் ஹெக்சமீனையும் நீரிற் கரைத்து, 90 பாகையளவிற் சில மணிநேரம் வைத்து, மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய நாகவொட்சைட்டுக் கோல்களை வளர்க்கின்றனர். அங்கே ஆறவிடுதல் இல்லை. சூட்டில் ஹெக்சமீன் மெல்லச் சிதைந்து காரத்தன்மையைத் தர, ஒட்சைட்டுப் பிரிகிறது. எனினும் கரைசல் தாங்குமளவைக் கடந்த பொருளே பளிங்காகும் என்னும் விதி இரண்டிற்கும் ஒன்றே.

வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகமும் கரியும் ஒவ்வொரு பங்கு எனக் கண்டியார் மருந்து சேர்த்தனர். ஐரோப்பியர் கொண்ட நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்புக்கு இது வெகுதூரமன்று. கந்தகம் மட்டும் இந்நாட்டில் விளைவதில்லை. அது கடல்வழியே வந்தாக வேண்டும். கரையை இழந்த அரசுக்கு இருந்த நெருக்கடியை இவ்வொரு பொருளே காட்டும்.

தொழிலாளர் நிலையையும் மறைத்தலாகாது. வறண்ட மாதங்களில் குகையிற் பணிசெய்து, தலைக்கு இவ்வளவென அரச பண்டசாலைக்கு உப்பை அளக்க அவர் கடமைப்பட்டிருந்தனர். இது இராசகாரியம், கூலித்தொழிலன்று. 1803இல் கண்டிக்கு வந்த ஆங்கிலப்படை அழிந்ததைப் பாடநூல்கள் பலபடப் பேசும். பாறையைக் கொத்திய கைகளை அவை பேசுவதில்லை.

1815இல் அரசு வீழவே பண்டசாலைத் தேவையும் வீழ்ந்தது. புதிய ஆட்சியாளர்க்கு வங்காளம், பீகார் பகுதிகளின் வெடியுப்பு வேண்டியமட்டும் கிடைத்தது. 1832இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. குடிகள் அச்சுமையினின்று நீங்கினர். தொழிலறிவும் அதனோடு நீங்கிற்று.

எம் வகுப்பில் ஆண்டுதோறும் வெடியுப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, முகவையில் ஊற்றி, மாலையில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோம். மறுநாட் காலை ஊசிகளைக் கண்ட மாணவர், இதனை முதலில் யார் கண்டறிந்தார் என வினவுவர். வெளிநாட்டுப் பெயரொன்றை எதிர்பார்த்து நிற்கும் அவர்க்கு, யான் பலகணியைத் திறந்து வடக்கேயுள்ள மலைகளைக் காட்டி, சாம்பலின் கதையிலிருந்து பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.