நீலமலைக்கு ஏறிய முதல் வழி



மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றுப் பாலத்தின்மீது வைகறைப் பொழுதில் நின்று நோக்குவோர்க்கு ஒரு காட்சி தென்படும். ஆற்றுக்கு அப்பால், பாக்குத் தோப்புகளுக்கும் மேலே, நீல நிறச் சுவர் ஒன்று வானளாவ எழுந்து நிற்கும். அதுவே நீலமலை. கொங்கு நாட்டு உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அம்மலையைப் பார்த்தே மழை வருமா வராதா என்று கணித்தார்கள். ஆனால் அதன்மீது ஏறிப் பார்த்தவர் மிகச் சிலரே. “மேலே போனவன் காய்ச்சலோடுதான் கீழே வருவான்” என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இக்காலத்து இளைஞர்கள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணையின்றித் தனியே மலையேறப் புறப்படுகிறார்கள். அஃது ஒரு புதிய ஆர்வம் என்று பலர் எண்ணுகின்றனர். நமது கோவை மாவட்டத்தின் வழியாக நீலமலைக்கு முதன்முதலில் ஏறியவர்கள் யார், அவர்கள் எவ்வாறு ஏறினார்கள், உண்மையிலேயே தனியாகத்தான் ஏறினார்களா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நீலமலை எக்காலத்தும் ஆளற்ற மலையாக இருந்ததில்லை. எருமைகளை வளர்த்த தோதவர், மட்கலமும் இரும்புக் கருவியும் செய்த கோத்தர், நிலத்தை உழுத படகர், காட்டில் தேனெடுத்த குறும்பர், கீழ்ச்சரிவுகளில் வாழ்ந்த இருளர் ஆகியோர் அம்மலையின் மக்கள். 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த போசளர் கல்வெட்டு ஒன்று, விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோதவரை அஞ்சச் செய்து நீலமலையைக் கைக்கொண்டான் என்று கூறுகிறது. ஆகவே எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மலைக்கும் கீழ்நாட்டுக்கும் வழி இருந்தது என்பது வெளிப்படை.

ஐரோப்பியர்களில் அம்மலைக்கு ஏறி எழுத்தில் சான்று விட்டுச் சென்றவர்களுள் முந்தியவர் பெனிசியோ என்னும் இத்தாலியப் பாதிரியார். மலைமீது தோமையாரின் வழிவந்த பழைய கிறித்தவர்கள் மறைந்து வாழ்கிறார்கள் என்று மலையாள நாட்டில் ஒரு வதந்தி உலவியது. அதன் உண்மையை அறிய 1603-இல் அவர் மேற்குப் பக்கமாக ஏறினார். தேடிய கிறித்தவர்களைக் காணவில்லை. எருமைகளோடு வாழ்ந்த தோதவரைக் கண்டார். கண்டதை எழுதி வைத்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் எவரும் அந்த வழியைப் பற்றி எழுதவில்லை.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்கு நாடு கும்பினியார் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் புதிய நாட்டின் விளைச்சலையும் மக்களையும் ஆராய்ந்து எழுதும்படி அனுப்பப்பட்டார். அவர் பவானியும் மாயாறும் கூடும் இடத்திலிருந்த டணாய்க்கன் கோட்டைக்கு வந்து தங்கினார். அங்கிருந்து ஒரு நாள் மிகுந்த களைப்போடு மலைச்சரிவில் ஏறி, இருளர் வாழ்ந்த சிற்றூர் ஒன்றைக் கண்டார். பவானியாற்றின் போக்கு முழுவதையும், அதற்கப்பால் தொலைவிலுள்ள சங்ககிரி வரையிலும் தெளிவாகத் தெரிந்தது என்று எழுதுகிறார். மலையின் உச்சிக்கு அவர் செல்லவில்லை. எனினும் கீழிருந்து மலையைப் பார்த்துப் பழகிய நமக்கு, மலையிலிருந்து நம் நாட்டைப் பார்த்தவரின் குறிப்பு அது என்பதால் எனக்கு அதன்மீது தனிப் பற்று உண்டு.

அந்த டணாய்க்கன் கோட்டை இன்று எங்கே? 1948 முதல் 1955 வரை கட்டப்பெற்ற பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் மட்டும், பழைய மாதவப் பெருமாள் கோயிலின் கற்கள் வெளியே தலைகாட்டும். நீலமலையின் தலைவாசல் நீருக்குள் போய்விட்டது. ஆனால் அந்த நீரே பல்லாயிரம் ஏக்கரை விளைவிக்கிறது.

1812-இல் கீஸ் என்னும் நில அளவையர் அதே கோட்டை வழியாக ஏறித் தேனாட்டையும் கீழ்க்கோத்தகிரியையும் கண்டு, கோவைக் கலெக்டருக்கு அறிக்கை எழுதினார். அதைப் படித்தவர்கள் பொருட்படுத்தவில்லை. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இரு இளம் அதிகாரிகள் ஏறினர். கீழே வெயில் கொளுத்த, மேலே கம்பளி போர்த்தும் குளிர் நிலவுகிறது என்று அவர்கள் வியப்போடு வந்து சொன்ன செய்தியே கலெக்டர் ஜான் சல்லிவனின் காதில் விழுந்தது. 1819-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சல்லிவன் தாமே ஏறினார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் தங்கிய இல்லம் இன்று நினைவகமாக விளங்குகிறது. 1822-இல் உதகையில் கல் வீடு ஒன்றை எழுப்பத் தொடங்கினார். உதகையின் ஏரியும் அவர் காலத்ததே.

அவர்கள் ஏன் இத்தனை ஆர்வம் கொண்டனர்? மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரியும் குன்னூரும் ஏறத்தாழ 6,000 அடி. முந்நூறு அடி ஏறினால் வெப்பம் பாரன்ஹீட் கணக்கில் ஏறத்தாழ ஒரு பாகை குறையும். எனவே ஒரே நாள் பயணத்தில் பதினைந்து பாகைக்கு மேல் குறைந்துவிடும். கோவையில் நோயுற்றுக் கிடந்த லெஷனோ என்னும் பிரெஞ்சுத் தாவர நூலார் 1819-இல் மலைக்குச் சென்று நலம் பெற்றார். வெப்பத்தால் வாடிய வெள்ளையர்க்கு இச்செய்தி அமுதமாயிற்று.

ஆனால் அமுதத்திற்கும் அவர்களுக்கும் இடையே நஞ்சு போன்ற ஒரு வளையம் இருந்தது. மலையடிவாரக் காடுகளில் ஓரிரவு தங்கினாலே கடுங்காய்ச்சல் பற்றியது. கெட்ட காற்றே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1897-இல் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் அக்காய்ச்சலை ஆராய உதகைக்கு வந்து, சீகூர்ச் சரிவுக்குச் சென்று, தாமே அதற்கு ஆளானார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். என் பாட்டியார் சொன்னது மூடநம்பிக்கை அன்று. காரணம் மட்டுமே அவருக்குத் தெரியவில்லை.

பின்னர்ப் பாதைகள் வந்தன. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு 1823-இல் ஒரு பாதை முடிந்தது. கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு 1830-க்குப்பின் மற்றொன்று அமைந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் பற்சக்கர இரயில் ஏறிற்று. ஆறு நாள், ஏழு நாள் என்று அஞ்சிய பயணம் அரை நாளாகச் சுருங்கிற்று.

இனி என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. 1984-ஆம் ஆண்டு ஆயுத பூசை விடுமுறை. சல்லிவனைப் பற்றிப் படித்த உற்சாகத்தில், ஒரு துணிப்பையில் புளிச்சோற்றுப் பொட்டலமும் கம்பளியும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு, பழைய குன்னூர்ப் பாதையில் தனியே ஏறலானேன். வீட்டில் சொல்லவில்லை, துணைக்கு எவரையும் அழைக்கவில்லை. தனியே போவதே வீரம் என்று எண்ணினேன். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தவறான கிளையைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் போய்விட்டேன். மாலை மங்க, மூங்கில் முறியும் ஓசை கேட்டது. கால்கள் நடுங்கின.

அப்போது தோளில் மூட்டையோடு ஒரு முதியவர் எதிரே வந்தார். குறும்பர். “யானை இறங்கற நேரமுங்க சார், தனியா ஏனுங்க வந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் முன்னே நடந்தார். இரண்டு மணி நேரம் அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாலையில் என்னை விட்டுவிட்டு, நான் நீட்டிய பணத்தையும் வாங்காமல் திரும்பிச் சென்றார். அன்றிரவு குறிப்பேட்டில் உயரம், தொலைவு, கடந்த ஓடைகள் அனைத்தையும் எழுதினேன். அவர் பெயரை எழுதவில்லை; கேட்கவே இல்லை.

அடுத்த ஆண்டுத் தேர்வில், “நீலமலையைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று ஒரு வினா கேட்டிருந்தேன். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன், “அங்கே முன்பே எங்கள் மக்கள் இருந்தார்கள்” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதைத் தவறு என்று குறித்து ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். தவறு விடையில் இல்லை, வினாவில் இருந்தது என்பது எனக்கு விளங்கப் பல்லாண்டுகள் ஆயின. அதற்குள் அவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான். அந்த ஒரு மதிப்பெண் இன்றும் என் கணக்கில் கடனாக நிற்கிறது.

சல்லிவனைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அவர் தோதவரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பதும் உண்மை. நிலம் தோதவர்க்கே உரியது என்று தம் அரசாங்கத்தோடு வாதாடினார் என்பதும் உண்மை. வரலாற்று ஆசிரியன் இரண்டையும் சொல்ல வேண்டும். நான் வருந்துவது வேறொன்றுக்காக. கீஸும் விஷ்ஷும் சல்லிவனும் தாமாக வழி கண்டு ஏறவில்லை. முன்னே ஒருவர் நடந்தார். பின்னே பலர் சுமை தூக்கினர். நாம் பள்ளியில் படிக்கும் வரலாற்றில் ஏறியவர் பெயர் இருக்கிறது; ஏற்றிவிட்டவர் பெயர் இல்லை. என் குறிப்பேட்டிலும் இல்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்திற்குப்பின் விதிகள் இறுகின. 2024-இல் தமிழ்நாட்டு வனத்துறை நாற்பது மலைப்பாதைகளை முறைப்படி திறந்து, அங்கங்கே வாழும் மலைமக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றி அமர்த்தியது. காலந்தாழ்ந்தாலும் நல்ல செயல்.

முதன்முறையாக மலையேறப் புறப்படும் இளைஞர்களுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியன் சொல்வது இதுவே. வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வனத்துறையின் இசைவைப் பெறுங்கள். பொழுது சாயுமுன் தங்குமிடம் சேருங்கள். குறிப்பேடு ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அதன் முதற் பக்கத்தில் மலையின் உயரத்தை எழுதுவதற்கு முன், உங்களுக்கு வழி காட்டியவரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள்.