இடுப்பு வலியும் புனர்வாழ்வு வைத்தியமும்

லேக் மார்க்கெட்டுக்கு மாலை வேளையில் செல்லும் தமிழர் எவரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை. முருங்கைக்காயும், கறிவேப்பிலையும், வாழைப்பூவும், காப்பிப்பொடியும் பையை நிரப்பிவிடும். சென்ற ஆண்டு ஒரு நாள், அவ்வாறு நிரம்பிய பையைக் குனிந்து தூக்கியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாள்தோறும் எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். முழங்கால் வலி முன்பே உண்டு; இப்போது இதுவும் வந்து சேர்ந்தது.

அண்டை வீட்டு வங்காளி அம்மையார் கடுகெண்ணெய் தேய்க்கச் சொன்னார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அத்தை நொச்சியிலை ஒற்றடம் கொடுக்கச் சொன்னாள். நண்பர் ஒருவர் இடுப்புப் பட்டை வாங்கித் தந்தார். மற்றொருவர், அறுவைச் சிகிச்சைதான் முடிவு என்று அச்சுறுத்தினார். இரண்டு மாதங்கள் இவ்வாறு கழிந்த பின்னரே, பிஸியாட்ரிஸ்ட் எனப்படும் மருத்துவரிடம் சென்றேன். அவருடைய துறை எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். அதனை நேயர்களுக்கும் சொல்லுவது பயனுடையது எனக் கருதுகிறேன்.

இயற்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், மருத்துவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து, 1938-ஆம் ஆண்டில் இப்பெயரை முன்மொழிந்தவர் பிராங்க் குருசன் என்னும் அமெரிக்க மருத்துவர். இளமையில் காசநோயுற்றுச் சானடோரியத்தில் தங்கியிருந்தவர் அவர். நோய் தணிந்த பின்னும், நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர்கள் வலுவிழந்து தவிப்பதை அங்கே கண்டார். வெப்பம், நீர், மின்சாரம், உடற்பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு வைத்தியம் செய்வோரை மற்ற மருத்துவர்கள் சற்று ஐயத்தோடு நோக்கிய காலம் அது. 1946-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு அப்பெயரை ஏற்றது. மறு ஆண்டிலேயே அத்துறைக்குத் தனித் தேர்வுக் கழகமும் அமைந்தது.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் பல்லாயிரம் இளைஞரை முடமாக்கியிருந்தது. முதுகுத் தண்டில் அடிபட்டவர் பிழைப்பது அரிது; படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களை விரைவில் மாய்த்துவிடும் என்பதே பொது நம்பிக்கை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கினார். அவருடைய நோயாளிகள் பிழைத்தார்கள், தொழில் கற்றார்கள், விளையாடவும் செய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் போட்டிகள் அங்கே 1948-இல் நடந்த பந்தயங்களிலிருந்து பிறந்தவையே. அமெரிக்காவில் ஹவர்ட் ரஸ்க் என்பவரும் காயமுற்ற வீரர்களிடையே இதே பணியைச் செய்து, நியூயார்க்கில் ஒரு பெரும் நிலையத்தை உருவாக்கினார்.

நம் நாட்டில் இளம்பிள்ளை வாதமும் தொழுநோயும் இம்மருத்துவத்துக்குத் தேவையை உண்டாக்கின. 1955-இல் பம்பாயில் ஹாஜி அலிப் பகுதியில் அகில இந்திய நிலையம் ஒன்று ஏற்பட்டது. எனினும் தமிழராகிய நாம் மறவாமல் நினைக்க வேண்டிய வரலாறு வேலூரில் நிகழ்ந்தது.

கொச்சியில் 1925-இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர். 1954-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய முதுகுத் தண்டு சேதமுற்றது; இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் அற்றுப்போயின. அப்போது அங்கே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை முறையால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்டு. நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். கைகளுக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரிக்கு அவர் வழி காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்த அப்பெண்மணி, பிறர் கைகளைச் சீராக்கலானார். பின்னர் ஆஸ்திரேலியாவில் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் ரஸ்கின் நிலையத்தில் பயின்று திரும்பி, 1963-இல் வேலூரில் புனர்வாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966-இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் எழுந்தது. 1972-இல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986-இல் அவர் மறைந்தார்.

நாம் வாழும் கொல்கத்தாவிலும் இத்துறை வேரூன்றியிருக்கிறது. பி. டி. ரோட்டில் பான்ஹூக்ளியில் 1978-இல் தொடங்கிய தேசிய நிலையம், கை கால் ஊனமுற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதோடு, அப்பணிக்குரியோரையும் பயிற்றுவிக்கிறது. மக்கள் பி. ஜி. ஆஸ்பத்திரி என்று அழைக்கும் எஸ். எஸ். கே. எம். மருத்துவமனையிலும் இத்துறை உண்டு. லேக் மார்க்கெட்டில் இருப்பவர் காளிகாட்டில் மெட்ரோ ஏறி ரவீந்திர சதனில் இறங்கினால், மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. இந்தியாவின் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளியும் கங்கைக்கு அக்கரையில் உள்ள ஹௌரா மாவட்டத்துக் குழந்தைதான். அது 2011 ஜனவரியில். அந்நோய் ஒழிந்தது. ஆனால் முதுகுவலி ஒழியவில்லை. 2020-இல் உலகில் சுமார் 62 கோடி மக்களுக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிஸியாட்ரிஸ்டும் பிஸியோதெரபிஸ்டும் ஒருவரே எனப் பலர் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். முன்னவர் எம். பி. பி. எஸ். முடித்து, மேற்படிப்பும் படித்த மருத்துவர். நோயை ஆராய்ந்து, மருந்து, ஊசி, கட்டு, பயிற்சி இவற்றுள் எது வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, நாளுக்கு நாள் நம்மை நடத்திச் செல்பவர் பின்னவர். இருவரும் சேர்ந்தே பணிபுரிகின்றனர்.

என்னை அந்த மருத்துவர் முதலில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். படுக்கவைத்துக் காலை உயர்த்தினார். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். என் நாற்காலியின் உயரத்தை விசாரித்தார். பையை எப்படித் தூக்கினேன் என்று செய்து காட்டச் சொன்னார். உடனே படம் எடுக்கத் தேவையில்லை என்றார். "படுக்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம், முடிந்த அளவு நடமாடுங்கள்" என்றார்.

அவ்விடையில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. முன்னாளில் முதுகுவலிக்கு வாரக்கணக்காகப் படுக்கையே மருந்து. 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவரைவிட இரண்டே நாள் படுக்கச் சொல்லப்பட்டவர் வேலைக்குச் செல்லாத நாட்கள் குறைவு என்று காட்டிற்று. சானடோரியத்தில் குருசன் கண்டதும் இதைச் சார்ந்த உண்மையன்றோ?

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். சிறுநீர், மலம் அடக்க இயலாமை, இருக்கை படும் இடத்தில் மரத்துப்போதல், காலில் திடீர் பலவீனம், வலியோடு காய்ச்சல் அல்லது காரணமற்ற மெலிவு, கீழே விழுந்த பின் கடும் வலி ஆகியவை தோன்றினால் ஒற்றடத்தோடு காத்திருத்தல் கூடாது. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் வலி முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அலுவலகத்தில் அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்கிறேன். ஒரு பையை இரண்டு பையாக்கி இரு கையிலும் சுமக்கிறேன். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். அயல் மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு உடலே முதல். அது தளரும்போது தாங்குவதற்கு ஊரார் அருகில் இல்லை. வலியை விதியென்று பொறுத்து வேலையை இழப்போரும், கத்திக்கு அஞ்சி மருத்துவரையே நாடாதோரும் நம்மிடையே பலர். அவர்களுக்கு இப்படியொரு மருத்துவம் இருக்கிறது என்பதை நேயர்கள் எடுத்துச் சொன்னால், அதுவே பெரும் உதவியாகும்.