பசி உழுத படிகள்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியில், வொர்த் மாட்ராவர்ஸ் என்றொரு சிற்றூர். அதற்குத் தெற்கே, கடலை ஒட்டி, ஈஸ்ட் மேன், வெஸ்ட் மேன் என்று இரண்டு குன்றுகள். அவற்றின் சரிவுகளில் புல் மூடிய படிகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. சாய்வெயில் பட்டால் ஒவ்வொரு படியும் நிழல் கோடாகத் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் படிகள் ஒரு பசிக் கணக்காகத்தான் தெரிகின்றன.

இவற்றை ‘ஸ்ட்ரிப் லிஞ்செட்’ என்கிறார்கள். இடைக்கால உழவர்களின் வயல்கள். நம்ம ஊர் மலைகளில் கல் அடுக்கிக் கட்டும் படிவயல் மாதிரி அல்ல. பெரும்பாலும் ஏரே உண்டாக்கியவை. சரிவின் குறுக்கே உழும்போது புரளும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகரும். மேல் விளிம்பு அரித்துக்கொண்டே போக, கீழ் விளிம்பில் மண் சேர்ந்துகொண்டே வரும். பல தலைமுறை இப்படி உழுதால் ஒரு படி. சில இடங்களில் மண்வெட்டியும் கைகொடுத்திருக்கலாம்.

சரி, இவ்வளவு செங்குத்தான சரிவில் எவன் ஏர் கட்டுவான்? வேறு வழியில்லாதவன்தான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மக்கள்தொகை பெருகியது. பள்ளத்தாக்கின் நல்ல நிலம் போதவில்லை. உழவு மேடேறியது. 1315 முதல் 1317 வரை ஓயாத மழையும் பெரும்பஞ்சமும். பிறகு 1348இல் கறுப்புச் சாவு வந்தது. அது கரையேறிய இடமாகச் சொல்லப்படும் மெல்கம் துறைமுகமும் இதே டோர்செட்டில்தான். இரண்டே ஆண்டுகளில் நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மாண்டார்கள்.

கீழே நல்ல நிலமே ஆளில்லாமல் கிடக்கும்போது, குன்றேறி உழுவானேன்? கூலி ஏறியது. அதை அடக்க 1351இல் சட்டமே போட்டார்கள். எல்லாப் படிகளும் ஒரே நாளில் தரிசாகிவிடவில்லை. ஆனால் நாடெங்கும் சிறுகச் சிறுக உழவு இறங்கி, ஆடுகள் ஏறின. புல் வேர்பிடித்து மண்ணைக் காத்தது. பின்னாளில் பள்ளத்தாக்குகளின் பழைய வயல்களைப் புதிய உழவு அழித்தது. செங்குத்தான சரிவுகள் பல தப்பின.

1928இல் கிராஃபோர்டும் கீலரும் வானிலிருந்து எடுத்த படங்களைப் புத்தகமாக்கினார்கள். இப்போது லைடார் வந்துவிட்டது. பழைய வயல்களின் மேடுபள்ளம் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. தெரியாதது ஒன்றுதான்: அங்கே உழுதவர்களின் பெயர். பண்ணைப் பதிவேடுகள் எழுதி வைத்தது பெரும்பாலும் குத்தகையையும் அபராதத்தையும்தான்.

அந்தப் புல்லை வெறும் அழிவின் அடையாளமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பிழைத்தவர்கள் பசிக்காகக் குன்றேற வேண்டியிருக்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. அந்த நிம்மதிக்கு ஊரில் பாதிப் பேர் சாக வேண்டியிருந்தது.